அவரை நான் அடித்த இரண்டு வருடங்கள்

என் கணவரின் இடது புருவத்துக்கு மேல் ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. கேட்கிறவர்களிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லுவார். அவர் வழுக்கி விழவில்லை. தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் சொம்பால் நான் அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அவர் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிவியில் ஏதோ பழைய நகைச்சுவைக் காட்சி ஓடியது. நான் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். அப்போது அவர் சிரித்தார். சத்தமாகக்கூட இல்லை, மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்பு. எங்கள் மகள் செத்து இரண்டு வருடம் ஆகப்போகிற சமயம் அது. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்த சொம்பை அப்படியே ஓங்கி அவர் நெற்றியில் இறக்கினேன்.

தோல் பிளந்த சத்தம் எனக்குக் கேட்டது. ரத்தம் புருவத்தில் தேங்கி, மூக்கோரமாக வழிந்து, சாம்பாரில் சொட்டியது. அவர் கத்தவில்லை. தட்டை மட்டும் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை லேசாக என் பக்கம் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. எனக்குப் பரிதாபம் ஒன்றும் வரவில்லை, பயம்தான் வந்தது. நான் அடித்துக் கொல்லும்வரை இந்த மனிதர் இப்படியே உட்கார்ந்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் தருமபுரிக்குப் போனோம். வழியெல்லாம் பழைய துண்டு ஒன்றை அவர் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தேன். ஆட்டோக்காரர் கேட்பதற்கு முன்பே, "பாத்ரூம்ல வுழுந்துட்டேங்க" என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைத் துடைத்த நர்சுக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னவர், என் கணவரின் உடம்பைப் பார்த்துவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தார். முன்கையில் தோசைத் திருப்பியின் அகலத்துக்குச் சுட்ட வடு. தோளில் பல் பதிந்த அடையாளம். விலாவில் மஞ்சளாகிப்போன பழைய கன்றல். என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. "வூட்டுல யாருங்க உங்கள அடிக்கறது?" என்று நர்ஸ் கேட்டது என் காதில் விழுந்தது. நர்ஸ் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். வளையல்களுக்கு இடையில் ரத்தம் காய்ந்திருந்தது.

தையல் போட்ட டாக்டர் இளம்பெண். எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். என்னிடம் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் கணவர் புகார் எதுவும் வேண்டாம் என்கிறார், ஆனால் இப்படியே வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை என்றார். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, நாளைக்கே மாடியில் மனநலப் பிரிவுக்குப் போய் அங்கே இருக்கிற ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். சீட்டில் என்னைப் பைத்தியம் என்று எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லம்மா. துக்கம்னு எழுதியிருக்கேன்" என்றார்.

எங்கள் வீடு அதியமான்கோட்டையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகை. கல்யாணமான மூன்றாம் வருடம் மகள் பிறந்தாள். அவளுக்குப் பிறகு கர்ப்பப்பையில் கட்டி வந்து, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். எனவே எங்களுக்கு அவள் ஒருத்திதான். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயதாகியும் அதுதான் பெயர். புழுக்களைத் தொட அவளுக்குக் கூச்சமே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொட்டகைக்குள் ஓடி, புழுத் தட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, "மெதுவா சாப்புடுங்கடி, விக்கிக்கும்" என்று அதுகளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். சாலையைக் கடக்க ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பாலத்தடி வழி உண்டு. ஆனால் சாலை நடுவே இருக்கிற தடுப்பை யாரோ உடைத்து ஒரு சந்து வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் அந்தச் சந்தில்தான் கடப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவரும் அதில்தான் பைக்கை விட்டார். வேகமாக வந்த கார் பின்சக்கரத்தில் அடித்தது. அவர் சாலையோரப் புதரில் போய் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பாப்பா தார்ச்சாலையில் விழுந்து இழுபட்டுப் போனாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது யாரோ ஒரு பெண் தன் துப்பட்டாவால் அவள் தலையை மூடியிருந்தாள். எடுத்துப் பார்க்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை.

முதன்முதலாக அவரை அடித்தது காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன அன்று. அவர் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கையில் பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. பதினாறு நாளில் அவருடைய புண் ஆறிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருண்டது. கன்னத்தில் அறைந்தேன். வாழ்க்கையில் அதுவரை அவரை 'நீ' என்று நான் சொன்னதில்லை.

"நீ ஏன் சாவல?" என்று கேட்டேன்.

"அடி" என்றார் அவர். "அடிச்சுடு. வுட்டுடாத."

அதற்குப் பிறகு எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. சோறு குழைந்தாலும் அடித்தேன், அவர் நேரத்துக்கு வந்தாலும் அடித்தேன், தாமதமாக வந்தாலும் அடித்தேன். கரண்டி, செருப்பு, இலை வெட்டிய மல்பெரிக் கொம்பு, எது கையில் கிடைக்கிறதோ அது. ஒரு நாள் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைத் திருப்பியை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினேன். தோல் கருகிய வாசனை சமையலறையில் இருந்தது. அவர் கையை இழுக்கவில்லை. நானாக எடுத்தபிறகுதான் குழாயடிக்குப் போனார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அடித்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

விஷயம் ஊருக்குள் பரவியது. டீக்கடையில் அவர் எதிரிலேயே, பெண்டாட்டியிடம் தினமும் பூசை வாங்குகிறவன் என்று சிரித்தார்களாம். அவர் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். அடிக்கிறவன் ஆணாக இருந்து, அடி வாங்குகிறவள் நானாக இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். தடுத்திருக்கவும் மாட்டார்கள்.

தடுக்க வந்தவர் அவருடைய அக்கா ஒருத்திதான். பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டு விளக்குமாற்றால் சாத்தினார். "எந்தம்பிய தின்னுட்டுத்தான் வுடுவியாடி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் அவர் வயிற்றில் எட்டி உதைத்தேன். இரண்டு பேரும் இலைக் குப்பையில் கட்டிப் புரண்டோம். என் கணவர் ஓடிவந்து நடுவில் விழுந்து, அக்காவைத் தள்ளிவிட்டு, இது எங்கள் வீட்டு விஷயம், நீ ஊருக்குப் போ என்றார். எனக்காகப் பேசினார். அப்படி என்னைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் தோளில்தான் நான் பல்லைப் பதித்தேன். ரத்தம் வாயில் உப்புக் கரித்தது.

என் அம்மா என்னைக் காட்டோரத்தில் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார். அந்த ஆள் உடுக்கையடித்து, வேப்பங்குழையால் என் தலையிலும் முதுகிலும் அடித்து, செத்த குழந்தைதான் என்மேல் இறங்கியிருக்கிறது, அதை விரட்டப்போகிறேன் என்றான். அதுவரை சும்மா உட்கார்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்தேன். பாப்பாவை விரட்டப்போகிறேன் என்றதும் அவன் கையிலிருந்த உடுக்கையைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே அடித்தேன். தோல் கிழிந்து உடுக்கை இரண்டாகப் போயிற்று. நான்கு பேர் என்னைப் பிடித்துக் கயிற்றால் கட்டினார்கள். அம்மா அவன் காலில் விழுந்தபிறகுதான் என்னை அவிழ்த்துவிட்டான்.

இரண்டாவது வருடம் கொட்டகையில் ஒரு பருவம் புழு விட்டிருந்தோம். இன்னும் நான்கைந்து நாளில் கூடு கட்டிவிடும் என்கிற நிலை. அந்தச் சமயத்தில் புழுக்கள் விரல் தடிமனுக்கு இருக்கும், விடாமல் தின்னும். ஒரு மத்தியானம் உள்ளே போனேன். ஆயிரக்கணக்கான வாய்கள் இலை கடிக்கிற சத்தம். பாப்பா இல்லாமல் இதுகள் மட்டும் எப்படித் தின்கின்றன என்று தோன்றியது. தட்டு தட்டாக இழுத்துத் தரையில் கவிழ்த்தேன். செருப்பில்லாத காலால் மிதித்தேன். பச்சைச் சாறு கணுக்கால்வரை தெறித்தது. வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் மிதித்தேன். அவர் ஓடிவந்து மண்டிபோட்டு, உயிரோடு இருந்ததை என் காலடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் கையையும் சேர்த்து மிதித்தேன். அப்போது அவர் அழுதார். அவ்வளவு அடித்தும் அழாத மனிதர் புழுக்களுக்காக அழுதது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கொடுத்தது.

அது நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் சொம்பால் அடித்தேன்.

ஆலோசகரின் அறை சின்னது. ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, டொக் டொக்கென்று சுற்றும் மின்விசிறி. அவருக்கு இருபத்தெட்டு வயதுக்குமேல் இருக்காது. எங்களைச் சேர்த்து உட்காரவைக்க மறுத்துவிட்டார். ஒருவர் அடிக்கிற வீட்டில் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து மனசைத் திறந்து பேசுங்கள் என்று சொன்னால், வீட்டுக்குப் போனபிறகு அதற்கும் அடி விழும் என்றார். முதலில் தனித்தனியாகத்தான் பார்ப்பாராம். என் கணவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் எடுத்த எடுப்பில் கேட்டேன்: "உனக்குக் கொழந்த இருக்கா?"

"இல்லீங்க. இன்னும் கல்யாணம் ஆகல."

"அப்பறம் உனக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்கு நடந்தது எனக்குத் தெரியாதுங்க. அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. ஆனால் அன்றைக்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். துக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்கு நாள் கணக்கு கிடையாது. அடிப்பது வேறு. அது இன்றோடு நிற்கவேண்டும். நிற்கும்வரை என் கணவர் அவருடைய தம்பி வீட்டில் தங்குவார். அதற்கு அவர் சம்மதித்துவிட்டார். நான் மட்டும் தனியாக வீட்டில் எப்படி இருப்பேன் என்று கேட்டேன். என் அம்மாவை வந்து இருக்கச் சொல்லலாம் என்றார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். தினமும் வருகிறது என்றேன். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அன்று மாலையே மனநல டாக்டரைப் பார்க்கவைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அம்மா வந்து கூட இருந்தார். வீட்டிலிருந்த பூச்சிமருந்து டப்பாக்களைக் கணவரின் தம்பி எடுத்துப்போனார்.

செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொன்னார். இரண்டாவது வாரம், அடிக்கத் தோன்றும்போது உடம்பில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் தாடையில் ஆரம்பிக்கிறது. பல் ஒன்றோடு ஒன்று இறுகும். பிறகு உள்ளங்கை அரிக்கும். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவிருக்காது. அப்படியானால் தாடை இறுகும்போதே கிளம்பிவிடுங்கள், அரிக்கிறவரை நிற்காதீர்கள் என்றார். கிணற்று மோட்டார் கொட்டாய்வரை நடந்துபோய், குளிர்ந்த தண்ணீரில் கையை முக்கிவைத்து, மூச்சை மெதுவாக விட்டுவிட்டுத் திரும்பி வரச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. செய்யவில்லை. அடிக்க வீட்டில் ஆள் இல்லாமல் கொட்டகைச் சுவரை முஷ்டியால் குத்தினேன். சுண்டுவிரல் முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. குத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். சீப்பு என்றேன். அலமாரியில் பாப்பாவின் சீப்பு கிடைத்தது. காலையில் இரட்டைச் சடை போடும்போது தலையை ஆட்டுவாள். நேரமாகிறதென்று அந்தச் சீப்பாலேயே மண்டையில் போடுவேன். எத்தனை நாள் அவளை அழவைத்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன். இதைச் சொல்லும்போதுதான் பாப்பா செத்தபிறகு முதல் முறையாக இன்னொருவர் முன்னால் அழுதேன். அவர் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் நகர்த்திவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மோட்டார் கொட்டாய்க்கு நடக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. தோட்டத்து வரப்பில் தடம் விழுந்துவிட்டது.

ஏழாவது செவ்வாய்க்கிழமை ஆலோசகர், விபத்து நடந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். கொட்டகையில் என்றேன். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். தாடை இறுகியது தெரிந்தது, கிளம்ப முடியவில்லை. மேஜைமேல் கண்ணாடி பேப்பர் வெயிட் ஒன்று இருந்தது. எடுத்து வீசினேன். அவர் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதி, சுண்ணாம்பு பெயர்ந்து அவர் தோளில் கொட்டியது. சத்தம் கேட்டு வெளியிலிருந்து ஆள் ஓடிவந்தார். ஒன்றுமில்லை, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள் என்றார் ஆலோசகர். தோளில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"எனக்கு இப்ப பயமா இருக்குதுங்க. இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம். அடுத்த செவ்வாக்கெழம வாங்க. வருவீங்க இல்ல?"

என்னைப் போலீசில் பிடித்துக்கொடுப்பார், இனிமேல் வராதே என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அடுத்த செவ்வாய் போனபோது மேஜை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. பேனாகூட இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு நான் சொன்னேன்.

அன்றைக்குக் கொட்டகையில் இலை தீர்ந்துவிட்டது. என் கணவர் வந்துதான் வெட்டவேண்டும். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். நான்கு முறை செய்தேன். நான்காவது முறை மணி போய்க்கொண்டே இருக்கும்போது, "சீக்கிரம் வந்து தொலையேன்" என்று போனைப் பார்த்துத் திட்டினேன். பிறகு சேதி சொல்ல வந்தவர்கள் விபத்து நடந்த நேரத்தைச் சொன்னார்கள். நான்காவது அழைப்பின் நேரமும் அதுதான். அவர் அந்தச் சந்தில் ஏன் நுழைந்தார் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். போனிலிருந்து நான்கையும் அழித்துவிட்டேன். அவரை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அந்த மணியைத்தான் அடித்தேன்.

உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். மற்ற நாட்களில் போன் செய்ததுண்டா என்று கேட்டார். தினமும் செய்வேன் என்றேன். மற்ற நாட்களில் அவர் அந்தச் சந்தில் போனதுண்டா என்றார். நான் போன் செய்யாத நாளிலும் போவார். ஏன், நானே பாப்பாவை வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அதில் கடந்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, நான் கேட்டு, என் கணவரும் சரி என்ற பிறகுதான் ஆலோசகர் எங்களைச் சேர்த்து உட்காரவைத்தார். என் கணவர் கதவோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். நான் போன் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார்.

அவர் போனிலும் அந்த நான்கும் இருந்திருக்கின்றன. அவரும் அழித்திருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ உசுரோட இருக்கமாட்டன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "அது பாதிதான். நீ அடிக்கறப்ப எனக்கும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. செத்துட்டா தேவலன்னு இருந்துச்சு" என்றார்.

பிறகு அந்தக் கடைசி நிமிஷத்தைப் பற்றிச் சொன்னார். சட்டைப்பையில் போன் அடித்ததாம். பின்னாலிருந்து பாப்பா, "அம்மாதாம்பா. இன்னைக்கு உனக்கு இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாளாம். நான் அவரை மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டேன். இரண்டு வருடமாக என் மனசில் அவள் அலறிக்கொண்டே செத்துக்கொண்டிருந்தாள். சிரித்தது எனக்குத் தெரியாது.

மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் மாறியது. எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எனக்கும் அவ பொண்ணுதான். ஒரு நாளாவது நீ என்ன அழ வுட்டியா? நான் சிரிச்சாலும் அடிச்ச, அழுதாலும் மிதிச்ச."

தொடையில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டு இதைச் சொன்னார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் முதன்முதலாக அவரிடம் எனக்குப் பயம் வந்தது. ஆலோசகர் அவர் பேசுவதைத் தடுக்கவில்லை, கையை மட்டும் மேஜைமேல் வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்க முடியுமா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். அதை அப்படியே விட்டுவிடுங்கள், இன்றைக்கே முடிவு செய்யவேண்டாம் என்றார் ஆலோசகர்.

அடுத்த வாரம் ஒரு பகலில் என் கணவர் வீட்டுக்கு வந்தார். போலீசிலிருந்து திரும்பக் கிடைத்த பைக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பாயை இழுத்து எறிந்துவிட்டுக் கடப்பாரையால் அடிக்க ஆரம்பித்தார். முகப்பு விளக்கு, மீட்டர், டேங்க். டேங்க் ஒவ்வொரு அடிக்கும் குழிந்தது. பின்சீட்டைக் குத்திக் கிழித்து, பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடினார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். உள்ளங்கை கிழிந்து கடப்பாரை வழுக்கியபோதுதான் நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கடப்பாரையை நீட்டினார். வாங்கி ஒரு அடி அடித்தேன். கையெல்லாம் அதிர்ந்தது. இன்னொரு அடி அடிக்க மனசு வராமல் கீழே வைத்துவிட்டேன். அவர் இலைக் குப்பையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அழுதேன். அம்மா வேலியோரம் நின்றவர்களை, "போங்க, போயி உங்க சோலிய பாருங்க" என்று விரட்டினார்.

ஐந்தாவது மாதம் அவர் வீட்டுக்குத் திரும்பிவந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பாப்பாவின் பிறந்தநாள் அன்று, அவள் நோட்டுப்புத்தகத்தை அவர் இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று என் கை மறுபடியும் ஓங்கியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். எனக்கு வலிக்கும்" என்றார்.

மோட்டார் கொட்டாய்க்குப் போய், தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை கையை விட்டு நின்றேன். அதற்குப் பிறகு அவரை அடிக்கவில்லை. அவருடைய அக்கா இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அது அவருடைய நியாயம். இந்த வருடம் மறுபடியும் புழு விட்டிருக்கிறோம். தட்டுகளை அவர் பார்த்துக்கொள்கிறார், நான் இலை வெட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவேன். உள்ளே போக இன்னும் கால் வரவில்லை. ஆலோசகரிடம் சொன்னேன். அவசரமில்லை என்றார்.

மாதம் ஒரு முறை இருவரும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தோம். சித்திரையில் ஆலோசகருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. கடைசிச் செவ்வாயன்று சொல்லிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவரும் போகிறாரே என்று இருந்தது. அந்த ஆத்திரத்தையும் அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

போன வாரம் புதியவரைப் பார்க்கப் போனோம். கண்ணாடி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண். கோப்பைப் புரட்டிவிட்டு, இதில் எழுதியிருப்பது இருக்கட்டும், நீங்களே உங்கள் வாயால் சொன்னால் நல்லது என்றார். அத்தனையும் மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டுமா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. வழக்கமாக நான்தான் தொடங்குவேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் என் கணவர் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துதுங்க" என்று ஆரம்பித்தார். "பட்டுப்புழுகிட்ட பேசுவா."